நட்சத்திரக்காரர் போட்ட கணக்கு

ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வானத்தை அளக்கிறது. நம் உடம்பை அளக்கும் பி.எம்.ஐ. கணக்கும் ஒரு வானியலாளர் போட்டதுதான். 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் கெட்லே ‘சராசரி மனித’னைத் தேடினார், நோயாளியை அல்ல.

அந்தக் கணக்கில் 24 வந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவில் நீங்கள் சரி. இந்திய அளவிலோ 23 தாண்டினாலே ‘அதிக எடை’. விமானம் ஏறினால் இளைத்துவிடலாம்! சர்க்கரை நோய் நமக்குக் குறைந்த எடையிலேயே வருவதால் கிழித்த கோடு அது. கோட்டில் குற்றமில்லை. ஆனால் ‘பூசினாற்போல்’ என்று பாட்டி மெச்சிய உடம்புக்கு மருத்துவச் சீட்டில் ‘பருமன்’ என்று எழுதித் தருகிறார்களே!

இந்த ஜவ்வாது மலையில் விளையும் சாமை நகரத்தில் ‘எடை குறைப்பு உணவு’. இங்கே அதற்குப் பெயர் சோறு.