ஒன்பதாவது விடை: மலையகத்தில் வேலை மறுத்தல் குறித்து ஓர் ஆய்வு

வேலை தேடுவது எப்படி என்று சொல்லித்தர ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். தேடி வருகிற வேலையை மனம் நோகாமல் திருப்பி அனுப்புவது எப்படி என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை. அறிவுலகின் இந்தப் பெருங்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

ஆய்வுக் களம், ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்று. ஆய்வுக் காலம், போன வருடத்து மாரியம்மன் திருவிழாவிலிருந்து இந்த வருடத்துத் திருவிழா வரை. ஆய்வுப்பொருள், நானே. பதினொரு வருடம் தோட்ட ஆபீசில் கிளாக்கராகச் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டை எழுதியவன், சிங்கள, தமிழ் மொழிபெயர்ப்பாளனாகப் படிக்கப் போகிறேன் என்று ஒரு நாள் எழுந்து வந்துவிட்டேன். பதினொரு வருடமாக எனக்கு வேறு வேலை தர நினைக்காத ஊர், நான் வேலையை விட்ட செய்தி லயத்தைத் தாண்டுவதற்குள் வேலை தரத் தொடங்கியது. ஆண்டு முடியுமுன் ஏழு வேலை. ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை.

முதலில் வரைவிலக்கணம். பொருத்தமில்லாத வேலை என்பது எது? கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நம் சமூகம் வேலைக்கு ஒரேயொரு பொருத்தம்தான் பார்க்கிறது: சொல்லிவிட்டவர் யார் என்பது. பெரிய மாமா சொல்லியனுப்பினால் அது பொருந்தும். கொழும்புப் புறக்கோட்டையில் இரும்புக்கடைக் கணக்கு, சாப்பாடு கடையில், படுக்கை கடைக்கு மேல்மாடியில் என்றாலும் பொருந்தும். எனவே வேலையை மறுப்பவன் மறுப்பது வேலையை அல்ல, மாமாவை. ஆய்வின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

முன்னோர் ஆய்வுகளைப் பார்த்தேன். திருக்குறளில் தெரிந்துவினையாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, எண் 52. ஆசையோடு திறந்தால், பத்துக் குறளும் வேலை கொடுப்பவனுக்கு. எவனை எடுப்பது, எவனை நம்புவது என்றே பேச்சு. எடுக்கப்பட்டவன் தலையைச் சொறிந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று வள்ளுவர் ஒரு வரி விடவில்லை. புறநானூற்றில் மட்டும் வெளிச்சம் தெரிந்தது. பெருஞ்சித்திரனார் என்ற புலவர், அதியமான் தன்னை நேரில் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை வாங்க மறுத்திருக்கிறார். இளவெளிமான் சிறிதாகக் கொடுத்தபோது அதையும் மறுத்து, குமணனிடம் போய் யானை பெற்று வந்து, அந்த யானையை இளவெளிமானின் காவல்மரத்திலேயே கட்டியிருக்கிறார். மறுத்தலில் இதைவிடத் தெளிவான முறையியல் தமிழில் இல்லை. ஆனால் பெரிய மாமா வீட்டு முற்றத்தில் ஒரு கொய்யா மரம்தான் நிற்கிறது, என்னிடம் யானையும் இல்லை.

இனி வரலாறு. மலையகத்தானுக்கு 'வேண்டாம்' என்று சொல்ல நா எழாததற்குக் காரணம் கூச்சம் என்று நினைப்போர் உண்டு. ஆவணங்கள் வேறு சொல்கின்றன. எங்கள் பாட்டன்மார் காலத்தில் 'துண்டு' என்று ஒரு தாள் இருந்தது. இந்த ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் இவர்களை விட்டுவிடுகிறேன் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுப்பது. அடுத்த தோட்டத்துக்காரர் கடனைக் கட்டி ஆட்களைக் கூட்டிப் போவார். கடன் கூடவே போகும். 1921ல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். ஆக, வேலை மாறுவது இங்கே புதிதில்லை. மாறுகிறவனைக் கேட்டு மாற்றுவதுதான் புதிது.

இன்னும் பின்னே போனால் மண்ணே தொழில் மாறியிருக்கிறது. 1869ல் கோப்பி இலையில் துருநோய் விழுந்தது. பார்த்துப் பார்த்து வளர்த்த கோப்பியெல்லாம் பட்டுப்போக, 1867ல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 19 ஏக்கரில் வைத்திருந்த தேயிலைக்கு எல்லாரும் தாவினார்கள். கோப்பிப் பழம் பறித்த கைகளிடம், உங்களுக்குத் தேயிலையில் விருப்பமா என்று யாராவது கேட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. டெய்லருக்கும் கடைசியில் ஒரு சோதனை வந்தது. 1892ல் கம்பெனி அவரைப் போகச் சொன்னது. அவர் போக மறுத்தார். அதே வருடம் அங்கேயே இறந்தார். வேலையை மறுக்கத் தெரியாத ஊரில், வேலை நீக்கத்தை மறுத்த பெருமை அவருக்கு.

மண்ணுக்குப் பிறகு ஆட்களின் முறை. 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது, எங்கள் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக ஒத்திவைத்து, பத்து வருடம் கழித்துப் பாதிப் பாதியாக்கினார்கள். கடல் தாண்டியவர்களில் பலர் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டத்தில் இறங்கி, அங்கேயும் கொழுந்துதான் பறித்தார்கள்.

இன்னொரு தடை மொழியில் இருக்கிறது. காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் வேலை செய்தால் செக்ரோலில் 'பேர்' விழும். ஒரு நாள் கூலிக்கு எங்கள் வழக்கில் பேர் என்றே பெயர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். 2021ல் ஒரு பேரின் விலை 1,000 ரூபாய், 2024ல் 1,350. அந்தப் பேரைப் பதினொரு வருடம் என் கையால் போட்டவன் நான். வேலைக்கும் மனிதனுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற இடத்தில், வேலை வேண்டாம் என்பவனுக்கு மிஞ்சுவது என்ன? இதை நான் ஆபீசில் இருந்தபோது யோசித்ததில்லை.

சரி, மறுத்தல் வகைகளுக்கு வருவோம். இங்கே பவணந்தி முனிவர் கைகொடுத்தார். அவருடைய நன்னூல் விடையை எட்டாகப் பிரிக்கிறது. சுட்டு, மறை, நேர் என்ற முதல் மூன்றும் நேரடியாகப் பேசும். ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்ற மற்ற ஐந்தும் விடையைக் குறிப்பால் உணர்த்தும். பள்ளியில் இதைப் படித்தபோது 'இது செய்வாயா?' என்று கேட்டு, 'கை வலிக்கிறது' என்று பதில் எழுதி மார்க் வாங்கினோம். பவணந்தியார் இலக்கணம் எழுதியதாக நாம் நினைத்தோம். எழுநூறு, எண்ணூறு வருடத்துக்கு முன்பே அவர் எங்களுக்காக வேலை மறுக்கும் கையேடு எழுதி வைத்திருக்கிறார்.

இவற்றில் பலவற்றைச் சோதித்தேன். இனி நேரப்போவதைச் சொல்லும் உறுவது கூறல் மிகச் சிறப்பாக வேலை செய்தது. இரும்புக்கடைக்கு, "கொழும்பு வெக்கைக்கு ஒரு வாரத்துல தலவலி வந்துரும் மாமா" என்றேன். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா ஹோட்டலில் ஸ்டோர் பார்க்கக் கூப்பிட்டபோது, "அந்தக் குளிருக்கு மூச்சிழுப்பு வந்துரும் சித்தப்பா" என்றேன். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், ஹட்டன் 1,270 சொச்சம், கொழும்பு கடல்மட்டம். ஆகவே ஹட்டன்காரன் மேலே குளிர் என்றும் கீழே வெயில் என்றும் இரண்டு பக்கமும் மறுக்கலாம். இந்தப் புவியியல் வசதி கண்டியாருக்கோ மாத்தளையாருக்கோ இவ்வளவு இல்லை.

வினாதலைப் பவணந்தியார் உடன்பாட்டுக்கு வைத்தார், 'செய்யாமல் இருப்பேனோ' என்பதுபோல. எங்கள் ஊர் அதை மறுப்புக்குத் திருப்பிக்கொண்டது. கத்தாரில் சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்கப் போகிறாயா என்றதற்கு, "அம்மாவ யாரு பாத்துக்குவா?" என்றேன். அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை. அம்மா மட்டும், நான் என்ன படுத்த படுக்கையாகவா கிடக்கிறேன் என்று இரண்டு நாள் பேசவில்லை.

ஏவல் ஆபத்தானது. இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் வேலைக்கு, "உங்க மகனயே அனுப்புங்களேன் அத்தே" என்றேன். அந்த வீட்டுக் கலியாணப் பத்திரிகை எங்களுக்குப் பிந்தித்தான் வந்தது.

கேட்டதற்கு இனமான வேறொன்றைச் சொல்லும் இனமொழிதான் எனக்குப் பிடித்தது. கந்தப்பளையிலிருந்து மரக்கறி லொறியில் கணக்குப் பார்க்கப் போகச் சொன்ன மாமாவிடம், "லீக்ஸ் இப்ப நல்ல வெல போகுது போல மாமா" என்றேன். மாமா லீக்ஸில் தொடங்கி கரட், உரம், டீசல், கொழும்புச் சந்தைத் தரகர் என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனார். வேலை விஷயம் இருவருக்கும் மறந்தே போயிற்று.

ஆய்வு நேர்மைக்காக, நேராக மறுக்கும் மறை விடையையும் ஒருமுறை சோதித்தேன். பழைய வேலைக்கே திரும்பி வா என்று ஆள் வந்தபோது, "வேண்டாம்" என்றேன், தனிச் சொல்லாக. வந்தவர் என் முகத்தைப் பார்த்தார், எனக்குப் பின்னால் சுவரைப் பார்த்தார், செருப்பைத் தேடினார். மறுநாள் காலைக்குள் மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு இரண்டிலும் எனக்குத் தலைக்கனம் என்று முடிவாகிவிட்டது. இந்தச் சோதனையை வேறு எவரும் திருப்பிச் செய்து பார்க்க வேண்டியதில்லை.

ஏழில் ஆறு போயிற்று. மிச்சமுள்ள ஒன்றுக்கு நான் சொன்ன பதில் நன்னூலில் இல்லை. டியூஷன் வகுப்பில் கணக்குப் படிப்பிக்கக் கேட்டவரிடம் என்னையறியாமல் "பாக்குறேன் அண்ணே" என்று சொல்லிவிட்டேன். அவர் திருப்தியாகப் போனார். திரும்ப வரவேயில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. அந்தச் சொல்லை எடுத்து வைத்துப் பார்த்தேன். வடிவம் நிகழ்காலம், தருவது எதிர்கால நம்பிக்கை, பொருள் எக்காலத்தும் இல்லை என்பது. ஒரு காலத்துக்கு இன்னொரு காலம் வருவதை இலக்கணிகள் காலவழுவமைதி என்று அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் மூன்று காலமும் ஒரே சொல்லில் வழுவுவதற்கு அவர்கள் இடம் வைத்ததாகத் தெரியவில்லை. இதை ஒன்பதாவது விடை என்று கொள்ளலாம் என்பது இவ்வாய்வின் முடிவு. கண்டுபிடித்தவன் நான் என்று எழுதவும் பேனாவை எடுத்தேன்.

எழுதுமுன் அப்பாயியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. நாற்பது வருடம் கொழுந்தெடுத்தவர். வந்த வேலையை எப்போதாவது வேண்டாமென்று சொன்னதுண்டா என்றேன். ஒரே ஒரு தரம் என்றார். கலியாணத்துக்கு முந்தி. நாளையிலிருந்து பங்களா வேலைக்கு வந்துவிடு என்று கங்காணி வந்து சொல்லியிருக்கிறார். கொழுந்தைவிட இலேசான வேலை, துணிமணியும் கிடைக்கும். அப்பாயி போகவில்லை. மூன்று நாள் பேர் போடவில்லை. நான்காம் நாள், பழையபடி கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய் நிரையில் நின்றிருக்கிறார். ஏன் போகவில்லை என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

"கங்காணிகிட்ட என்னான்னு சொன்னீங்க?"

"பாக்குறேங்கன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

அப்பாயி அடுப்பில் விறகை உள்ளே தள்ளினார்.

"இன்னமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."