கயிறு பிடித்த கைகள்

நான் சிறுவனாக இருந்தபோது, இலங்கையின் மேற்குக் கரையில் உள்ள எங்கள் ஊரான உடப்பின் கடற்கரையில் கரைவலை இழுக்க இரண்டு கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். குதிகாலை மணலில் ஊன்றி, ஒருவர் வலை இழுக்கும் பாட்டான அம்பாவை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். மூச்சை எங்கே விடுவது, அடியை எங்கே வைப்பது என்பதையெல்லாம் பாட்டே சொல்லிவிடும். அலையிரைச்சலைத் தாண்டி அந்தக் குரல் மறுகயிற்றுக்காரருக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வலை ஒரு பக்கம் முந்தி, மீன் தப்பிவிடும்.

அதே ஆட்கள்தான் இரவில் வாடியடியில் நாடகம் பழகினார்கள். அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில், நாடகம் பழக்கும் அண்ணாவியார் கையில் ஒரு பழைய கொப்பி இருக்கும். "தம்பி, கடைசியில இருக்கிற ஆச்சிக்கும் கேக்கணும்" என்பார். பகலில் அம்பா எடுத்தவருக்கே ராசா வேடம். ஆடி மாதத்தில் திரௌபதை அம்மன் கோயிலின் பதினெட்டு நாள் விழாவில் பாரதக் கதையை ஊரே வாழ்ந்து, கடைசியில் பூமிதிக்கும்.

நடிப்பைப் பள்ளி வைத்துக் கற்பித்தவர்களும் இதே பயிற்சியைத்தான் கேட்டார்கள். புதுடில்லியின் தேசிய நாடகப் பள்ளி 1959இல் தொடங்கியது. 1962 முதல் பதினைந்து ஆண்டுகள் அதை நடத்திய இப்ராஹிம் அல்காசி, குரலையும் உடலையும் நாள்தோறும் பழக்காமல் நடிகன் உருவாக மாட்டான் என்பதில் கண்டிப்பானவர். 1963இல் பெரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளுக்கு நடுவே, திறந்த வெளியில், 'அந்தா யுக்' நாடகத்தை மேடையேற்றினார். அதுவும் பாரதப் போரின் பதினெட்டாம் நாள் கதைதான். பின்னாளில் இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அண்ணாவியாரின் முகம்தான் நினைவில் வந்தது.

எங்கள் நாட்டிலும், யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். இன்று 'நாடகமும் அரங்கியலும்' பள்ளிக்கூடப் பாடம். அதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் ஒரு நடிப்புப் பட்டறையைப் பார்க்கப் போயிருந்தேன். பயிற்றுநர் மாணவர்களை இல்லாத கயிறு ஒன்றை இழுக்கச் சொன்னார். பாரம் தோளில் தெரிய வேண்டும், மூச்சு அடியோடு சேர வேண்டும் என்று நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். என் விரல்கள் தாமாக மடங்கின. ஊருக்குத் திரும்பினால், கரையில் உண்மையான கயிற்றை டிராக்டரில் பூட்டிய இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நாலைந்து பேர் பேசாமல் நின்றார்கள். அம்பா இல்லை.

இயந்திரத்தைக் குறைசொல்ல மாட்டேன். உள்ளங்கை கிழிந்த அந்த உழைப்பு இனி யாருக்கும் வேண்டாம். கயிற்றோடு சேர்த்துக் குரலையும் விட்டுவிட்டோமே, அந்தத் தவறு எங்களுடையது. அண்ணாவியாரின் கொப்பியைக்கூட யாரும் படியெடுத்து வைக்கவில்லை.

நாடகம் கற்பிக்கும் ஆசிரியர்களே, ஒரு நாள் காலையில் உங்கள் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டி வாருங்கள். அம்பா தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கேட்டால் பாடுவார்கள்.