அடிக்கட்டை

திருவாரூருக்குத் தேர் அழகு, வேதாரண்யத்துக்கு விளக்கு அழகு, மன்னார்குடிக்கு மதில் அழகு என்று ஒரு சொலவடை உண்டு. ராஜகோபால சுவாமி கோயில் மதிலைப் பார்த்துச் சொன்னது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொருளாளர் ஒப்புக்கொள்ள மாட்டார். "கோயில் மதிலு இல்ல தம்பி. நம்ம ரசீது புத்தகத்தோட போய் நின்னா வீட்டுக்கு வீடு ஒரு மதிலு எழுப்புறானுவ பாருங்க, அதைப் பார்த்துத்தான் எவனோ வசூலுக்குப் போனவன் சொல்லியிருக்கான்."

எந்தச் சங்கத்துக்குப் பொருளாளர் என்று கேட்கக் கூடாது. எல்லாவற்றுக்கும்தான். தலைவர்கள் மாறுவார்கள். செயலாளர்கள் கோபித்துக்கொண்டு போய்ப் போட்டிச் சங்கம் ஆரம்பிப்பார்கள். பொருளாளர் மட்டும் இரண்டு சங்கத்துக்கும் அவரே. அன்னதானமா, பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சா, ஆனித் தெப்பத்துக்கு ஹரித்ராநதிக் கரையில் நீர்மோர்ப் பந்தலா, காலை ஏழு மணிக்கு டிவிஎஸ் எக்ஸெல்லில் மஞ்சப்பையை மாட்டிக்கொண்டு பந்தலடியில் வந்து நிற்பார். பைக்குள் ரசீது புத்தகம், கார்பன் தாள், டொய்ன் நூலால் கட்டிய பால்பென். நூல் ஏன் என்றால், நன்கொடை கொடுக்காத கை பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது, பல தடவை.

ரசீது புத்தகம் இரண்டு இருக்கும். இது வெளியே தெரியாத தொழில் ரகசியம். கேட்டவுடன் யாரும் தொகை எழுதுவதில்லை. முதலில் அடிக்கட்டையைத்தான் புரட்டுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் 501 எழுதியிருந்தால் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு 251 எழுதுவார்கள். 51 என்று கண்ணில் பட்டால் முகம் மலர்ந்து 21 எழுதுவார்கள். ஆகவே 251-க்குக் கீழே உள்ளதெல்லாம் இரண்டாம் புத்தகத்துக்குப் போகும். அந்தப் புத்தகம் வீட்டு வாசல்களில் எடுக்கப்படுவதே இல்லை. தொகையை வாய்மொழியாகக் கேட்டு, தெரு முனையில் வண்டி சீட்டின் மேல் வைத்து எழுதிக் கொடுத்தனுப்புவார்.

எந்த மாதம் எவர் கை திறக்கும் என்பதும் அவருக்கு மனப்பாடம். மேட்டூர் அணை திறக்கிற தேதி ஜூன் 12. "அங்க மதகு தொறந்தா இங்க மடி மூடிக்கும்" என்பார். விதை, உழவு, நடவு ஆள் கூலி என்று அந்த மூன்று மாதம் ஒருவரையும் கேட்கக் கூடாது. மாசியில் சம்பா நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய், பணம் கணக்கில் ஏறின மறுநாள் போக வேண்டும். அதற்கும் மறுநாள் போனால் நகைக்கடைக்காரர் முந்தியிருப்பார்.

சாக்குகளையும் அவர் தரம் பிரித்து வைத்திருக்கிறார். "அறுப்பு முடியட்டும்" என்பது முதல் தரம், அதில் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. "அவங்க வீட்ல இல்லையே" நடுத்தரம். "வெள்ளிக்கிழமை காசு குடுக்குறதில்லீங்க" கடைசித் தரம். அதே ஆசாமி அதே வெள்ளிக்கிழமை பெரிய கடைத்தெருவில் ஆறு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு எதிரே வருவார்.

இதிலெல்லாம் சேராத ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற கணக்கர். ரசீது புத்தகம் தெருவில் திரும்பினதும் ஆள் மறைந்துவிடுவார். ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கும், உட்கார்ந்திருந்தவர் இருக்க மாட்டார். காபி டம்ளரில் ஆவி பறக்கும், குடித்துக்கொண்டிருந்தவர் இருக்க மாட்டார். பொருளாளர் அவருக்கு மாயாவி என்று பெயர் வைத்திருந்தார். எவ்வளவு பொருத்தமான பெயர் என்பது அவருக்கே 2018-இல்தான் தெரிந்தது.

அந்த வருஷம் நவம்பர் 16 விடியற்காலம் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. விடிந்து பார்த்தால் தென்னையெல்லாம் தலைகீழ். டெல்டாவில் லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன என்று பின்னால் கணக்குச் சொன்னார்கள். மன்னார்குடியில் மின்சாரம் இல்லை, ஆகவே மோட்டார் இல்லை, ஆகவே தண்ணீர் இல்லை. செல்போன் வெறும் கண்ணாடித் துண்டு. முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்குத் தார்ப்பாயும் மெழுகுவர்த்தியும் கொசுவத்தியும் வேண்டும் என்று பொருளாளர் இறங்கிவிட்டார். நான் கூடப் போனேன். மின்சாரம் இல்லாத வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது?

மாயாவி வீட்டு வாசலில் அன்றைக்கு ஆள் மறையவில்லை. மறைய நேரமில்லை. ஓடு பறந்து, பரணில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொடிக்கயிற்றில் எதையோ வரிசையாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். துணி என்று நினைத்தோம். கிட்டே போனால் புத்தகம். சின்னச் சின்னப் புத்தகம். முத்து காமிக்ஸ்.

இது தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'தான். மூலம் லண்டன் சரக்கு, 1962-இல் 'வேலியன்ட்' என்கிற வாரப் பத்திரிகையில் வந்தது. நாயகனுக்கு ஒரு கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்து அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1984-இல் லயன் காமிக்ஸும் வந்து சேர்ந்துகொண்டது. எழுபது எண்பதுகளில் தமிழ்நாட்டில் பையனாக இருந்தவனுக்கு நியூயார்க்கை முதலில் காட்டியவை இந்தச் சிவகாசிப் புத்தகங்கள்தான்.

பொருளாளர் கொடிக்கயிற்றின் முன்னால் நின்றார். வாய் லேசாகத் திறந்திருந்தது. "பாம்புத் தீவு" என்றார். மற்றவர் திரும்பினார். "அட்டை கெட்டுப்போவலையே?" என்று பொருளாளர் கேட்ட குரலில், தலையில் அடிபட்ட குழந்தையைப் பற்றி விசாரிக்கிற பதற்றம் இருந்தது. பதினைந்து வருஷமாக 21 ரூபாய்க்கு ஒளிந்தவரும் பதினைந்து வருஷமாக அவரைத் துரத்தியவரும் அடுத்த ஒரு மணி நேரம், மாயாவிக்கு மின்சாரம் எந்த வோல்டேஜில் பாய வேண்டும் என்று சண்டை போட்டார்கள். ஊரில் ஒரு வோல்ட் கிடையாது.

அதற்குள் தெருவில் போகிறவர்கள் நிற்க ஆரம்பித்தார்கள். பத்திர எழுத்தர் ஒருவர் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு வந்தார். லாரி ஆபீஸ் கணக்குப்பிள்ளை வந்தார். மருந்துக்கடை முதலாளி, வயது அறுபத்திரண்டு, "என்கிட்ட இருந்ததெல்லாம் எங்கப்பா அடுப்புல போட்டாரு சார்" என்று நேற்று நடந்ததுபோல் சொன்னார். எல்லாருக்கும் தொட்டுப் பார்க்க வேண்டும். உடையவர் விடவில்லை. "கையைக் கழுவிட்டு வாங்க" என்றார். ஊர் முழுக்கத் தண்ணீர் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பொருளாளர் பொருளாளராவது இந்த இடத்தில்தான். மஞ்சப்பையிலிருந்து குடிதண்ணீர் பாட்டிலை எடுத்து மேலே தூக்கிப் பிடித்தார். "கை கழுவ ஒரு மூடித் தண்ணி. ஒரு மூடிக்கு ஒரு பெட்டி கொசுவத்தி. அப்புறம் ஆளுக்கு ஒரு புத்தகம் தொடலாம். எச்சி தொட்டுப் புரட்டக் கூடாது." சாயங்காலத்துக்குள் மருந்துக்கடையில் இருந்த கொசுவத்தி முழுக்கத் திண்ணைக்கு வந்துவிட்டது. முதலாளியே கொண்டுவந்தார், ஏழு தடவை கை கழுவினார். காமிக்ஸ் உடையவர் கடைசியில் உள்ளே போய் 5,001 ரூபாய் எடுத்துவந்து முதல் புத்தகத்திலேயே எழுதினார். தொகையை எழுதின கை மட்டும்தான் எனக்குக் கண்ணில் நின்றது.

அன்றைக்குப் பிறகு பொருளாளரின் முறையே மாறிவிட்டது. அடிக்கட்டையின் பின்பக்கம் பென்சிலால் குறித்துவைக்க ஆரம்பித்தார். எவ்வளவு கொடுத்தார் என்பது முன்பக்கம், எதில் பைத்தியம் என்பது பின்பக்கம். 'டாக்டர் – புதுக்கோட்டை அம்மன் காசு.' 'பாத்திரக்கடை – ஸ்டாம்பு. பேச்சை நிறுத்த மாட்டார், சாப்பிட்டுவிட்டுப் போகவும்.'

உரக்கடைக்காரர் எப்போதும் "முதலாளி வெளியில போயிருக்காரு" என்று தன்னைப் பற்றித் தானே சொல்லுகிறவர். புயலுக்குப் பிந்தைய இருட்டில் அவர் கடையிலிருந்து மட்டும் செய்தி கேட்டது. பேட்டரி டிரான்சிஸ்டர். உள்ளே போனால் ஒரு பீரோ நிறையச் சிற்றலை வானொலிகளின் கியூ.எஸ்.எல். கார்டுகள், இன்ன நாள் இன்ன அலைவரிசையில் உங்கள் நிகழ்ச்சி இவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று எழுதிப்போட்டால் நிலையத்தார் அத்தாட்சியாக அனுப்புகிற படம் போட்ட அட்டை. 1963-இல் தமிழ் ஒலிபரப்பு தொடங்கிய சீன வானொலிக்கு அவர் எழுதிய கடிதங்கள் அவருடைய கல்யாணத்துக்கும் முந்தியவை. இலங்கை வானொலியைப் பற்றிப் பேச்செடுத்ததும் முதலாளி வெளியிலிருந்து வந்துவிட்டார். எங்கள் பக்கத்துக்குத் திருச்சி வானொலியைவிடக் கொழும்புதான் கிட்டே என்று அடித்துச் சொன்னார். தூரத்தை நான் அளந்து பார்க்கவில்லை. இரண்டு மூட்டை அரிசி கொடுப்பவரிடம் அளவு கேட்பது மரியாதையில்லை.

ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் கோயில் காரியம் என்றால் பத்து ரூபாய்க்கு மேல் போக மாட்டார். அவர் வீட்டு மாடியில் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல்கள் பைண்டு செய்து அடுக்கியிருந்தன. தஞ்சாவூர்ச் சாலையில் இருக்கிற எங்கள் வடுவூர்தான். இன்றைக்குப் பறவைகளுக்காக வருகிறார்கள். ஒரு காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டால் வீட்டில் பெண்கள் சமையலை மறந்தார்கள். 'மேனகா' 1935-லேயே சினிமாவாயிற்று. பொருளாளர் தெரிந்தவர்போல், "திகம்பர சாமியார் பார்த்திருக்கேம்மா, நம்பியார் நடிச்சது" என்றார். அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அது படம். புத்தகம் 'கும்பகோணம் வக்கீல்'. படிச்சுட்டு வாங்க, அப்புறம் நன்கொடையைப் பத்திப் பேசலாம்." பொருளாளர் அறுபத்தெட்டு வயதில் உண்மையிலேயே படித்தார். படித்தாரா என்று அம்மாள் கேள்வி வேறு கேட்டார். நன்கொடை வாங்கப் போய் வாய்மொழித் தேர்வு எழுதினவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

ஒரே ஒரு இடத்தில் அவர் தோற்றார். ரயில் பைத்தியம். வங்கியில் காசாளராக இருந்தவர். 2011-இல் மன்னார்குடிக்கு ரயில் திரும்பி வந்த நாளைக் குலதெய்வத் திருவிழாபோல் நினைவு வைத்திருக்கிறவர். "எழும்பூருக்கு எம்.எஸ்., நமக்கு எம்.க்யூ. ரெண்டே எழுத்து சார். நீடாமங்கலத்துக்கு மூணெழுத்து வேண்டியிருக்கு" என்று ஸ்டேஷன் குறியீட்டில் ஊர்ப் பெருமை கண்டவர். பொருளாளர் பின்பக்கக் குறிப்பைப் படித்துக்கொண்டுபோய், "மன்னை எக்ஸ்பிரஸ் நம்பரையே எழுதிடுங்களேன்" என்றார். 16179. காசாளர் யோசித்தார். பேனாவை வாங்கினார். 161 ரூபாய் 79 காசு என்று எழுதினார். பொருளாளர் விடவில்லை. "ஜோத்பூர் பக்கம் போற வண்டிக்கு நம்பர் பெருசு சார், 22674." காசாளர் முகத்தில் ஒரு மலர்ச்சி. "தெரிஞ்சு வச்சிருக்கீங்களே!" என்று அடித்துத் திருத்தி 226 ரூபாய் 74 காசு ஆக்கினார். அந்த 74 காசைச் சில்லறையாகவே கொடுத்துவிடுவேன் என்று மிரட்டி, கடைசியில் ஜிபேயில் அனுப்பினார்.

இதையெல்லாம் ஒரு நாள் என் அக்கா மகனிடம் சொன்னபோது அவன் வெளிநாட்டுச் சங்கதி ஒன்று சொன்னான். கனடாவில் சில பையன்கள் 2007-லிருந்து வருஷாவருஷம் ஒரு வீடியோ கேம் ஆடி, நோயாளிக் குழந்தைகளுக்காகப் பணம் திரட்டுகிறார்களாம். 'டெசர்ட் பஸ்' என்று பெயர். பாலைவனத்தில் டுசானிலிருந்து லாஸ் வேகாஸுக்கு பஸ் ஓட்ட வேண்டும். எட்டு மணி நேரம். நிறுத்தம் கிடையாது, வளைவு கிடையாது, பஸ் வலப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். போய்ச் சேர்ந்தால் ஒரே ஒரு பாயிண்ட். பார்க்கிறவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் பணம் அனுப்புகிறார்கள். பொருளாளர் பொறுமையாகக் கேட்டார். "எட்டு மணி நேரம். நம்ம மெட்ராஸ் பஸ்ஸும் அவ்வளவுதானே? அதுல உக்கார நாமதானே தம்பி காசு குடுக்குறோம்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தக் கனடாப் பையன்களின் அடிக்கட்டையில் பின்பக்கம் என்ன எழுதுவது என்று யோசித்திருப்பார்.

கோயில் யானை செங்கமலத்தின் பாப் கட்டிங் படத்தைத் தன் வாட்ஸ்அப் முகப்பில் வைத்தது அதற்கப்புறம்தான். அதற்குப் பாலக்காட்டிலும் பரோடாவிலும் ரசிகர்கள் இருப்பதை ஊர் அறியும். யானையை விசாரிக்க வருகிறவரிடம் அன்னதானத்தைப் பற்றி எப்படிப் பேச்சை நகர்த்துவது என்பதைப் பொருளாளர் மட்டும்தான் அறிவார்.

போன பங்குனியில் ஒரு கணக்குப் பார்க்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார். வாசலில் யாரோ வெளியூர்ச் சிறுவர்கள், விளையாட்டுப் போட்டிக்கு வசூல். நான் "அவர் இல்லப்பா" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். உள்ளேயிருந்து சோப்பு நுரையோடு ஓடிவந்தார். பதினொரு ரூபாய் கொடுத்தார். "ரசீதைக் கிழிக்காதீங்கடா, அளவுகோல் வச்சு எடுங்க" என்று அவரே எடுத்துக் கொடுத்தார். அவர் வீட்டு அக்கா அலுத்துக்கொண்டார்: "அந்தப் பெட்டிய இந்தத் தம்பிக்குத்தான் காட்டுங்களேன்."

மூன்று ஆல்பம். எல்லாம் ரசீது. மற்றவர்கள் இவரிடம் வாங்கினது இல்லை, இவர் மற்றவர்களிடம் வாங்கினது. 1952 நவம்பரில் நாகப்பட்டினத்தை அடித்த புயலுக்கு அவர் அப்பா கொடுத்த எட்டணா ரசீது கண்ணாடித் தாளுக்குள் இருந்தது. சுனாமி, 2004, நாலு விதம். கஜாவுக்கு இரண்டு பக்கம். நடுவில் ஒரு சதுரம் காலி. கீழே சின்ன எழுத்தில் '1977 புயல் – கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தது.

அந்த ரசீது எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பாவின் டிரங்குப் பெட்டியில், ஐந்து ரூபாய்க்கு, பச்சை மையில் கையெழுத்துப் போட்டது. மறுநாள் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, கையில் அன்னதான ரசீது புத்தகத்தோடு போனேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். தொட வந்தார். நான் உறையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு புத்தகத்தை நீட்டினேன்.

"ஆயிரத்தொண்ணு எழுதுங்கண்ணே. இது உங்களுக்கு."

பேனா நூலின் நுனியில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் அடிக்கட்டையை மெதுவாகப் புரட்டினார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். பிறகு நாட்காட்டியைப் பார்த்தார்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே தம்பி."