பட்டையை வெட்டு, கட்டையைத் தொடாதே

மருமவனே, அறுபது முடிஞ்சு வேலைய விட்டு வர்றியாமே. நல்லாரு. கேக்கு வெட்டுனாங்களா? பீடோங் பக்கம் தோட்டத்துல என்னை அனுப்புனப்ப பால்வெட்டு உளியத் திருப்பிக் கேட்டாங்க. அதோட சரி.

1996-ல குலிம்ல ஹைடெக் பார்க் தொறந்ததும், கழுத்துல அட்டையத் தொங்கவிட்டுக்கிட்டு உள்ள போனவன் நீ. என்னா வேலைன்னு கேட்டா, ‘புரோகிராம் எழுதுறேன் மாமா’ன்ன. எப்ப வரும் எப்ப வரும்னு உங்கத்தை ரெண்டு வருசமா ரேடியோவைத் திருகிக்கிட்டுக் கெடந்தா.

1999 டிசம்பர் 31 ராத்திரிய மறக்க முடியுமா? ஊரே வாணவேடிக்கை பாக்குது, நீ ஆபீசுல. கம்ப்யூட்டருக்கு வருசத்தோட கடைசி ரெண்டு நம்பரைத்தான் சொல்லிக்குடுத்தாங்களாம். 00 வந்தா அது 1900-ன்னு நெனச்சு கிறுக்குப் புடிச்சு ஆடுமாம். விடியக்காலைல கண்ணு செவக்க வந்து நின்ன. என்னாய்யா ஆச்சுன்னேன். ‘ஒன்னுமே ஆகல மாமா!’ன்னு நெஞ்ச நிமுத்துன. ஒன்னும் ஆகாததுக்கு உனக்கு ஓவர்டைம்! மழை பேஞ்சு பட்டை நனைஞ்ச அன்னைக்கெல்லாம் நானுந்தான் ஒன்னும் ஆகாம லயத்துல குந்தியிருந்தேன். மண்டோரு ஒரு சென்னு குடுத்திருப்பானா? இனிமே உனக்கு தினமும் ஒன்னும் ஆகாது. ஓவர்டைம்தான் கெடையாது. பழகிக்க.

அப்புறம் ஒன்னு. ரப்பர் மரத்துல பட்டையத்தான் சீவணும், உளி கட்டையத் தொட்டுறக் கூடாது. தொட்டா காயம். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமா வளரும், மறுபடி அந்தப் பக்கம் உளியே போவாது. இத எதுக்குச் சொல்றேன்னா, போன தீபாவளி லீவுல நீ அடுப்படிக்குள்ள பூந்து டப்பாவுக்கெல்லாம் பேரு ஒட்டுனியே. ‘சீரகம்’னு ஒட்டுன டப்பாவுல உன் வீட்டம்மா சோம்பு வச்சிருந்தா. ரசத்துல என்னா ஆச்சுன்னு உனக்கே தெரியும். முப்பது வருசமா எந்தப் புரோகிராமும் இல்லாம ஓடுன அடுப்படி அது. வாசல்ல நின்னு வாசம் புடி. உள்ள போவாத.

காசு விசயம். 55-லயே இபிஎப் பணத்தை எடுக்கலாம், நீ தொடல. கெட்டிக்காரன். அறுபதுக்கு முன்னாடி ஆள வீட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு 2013 ஜூலை 1-ல வந்த சட்டத்துல உனக்கு அஞ்சு வருசச் சம்பளம் கூட வந்துச்சு. அது உனக்குத் தெரியுதோ இல்லியோ, சுங்கைப்பட்டாணியில இருக்குற ஒன்னுவிட்ட ரெண்டுவிட்ட சொந்தத்துக்கெல்லாம் தெரியும். தங்கம், தைலம், ஆட்டுப்பண்ணைன்னு திட்டத்தைத் தூக்கிட்டு வருவாங்க. எல்லாருக்கும் கோப்பி குடு. கையெழுத்து மட்டும் குடுக்காத.

நாலு மணிக்கு முழிப்பு வரும். எனக்கு இன்னும் வருது. வெயில் ஏறுனா பால் நின்னுரும்னு நெத்தி விளக்கோட ஓடுன உடம்பு, மரமே இல்லேன்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்குது. எழுந்தா வீட்டம்மாவ எழுப்பாம நேரா ஒட்டுக்கடைக்கு வந்துரு. கோப்பி உன் காசு.

போனை வீட்டுலயே வச்சிட்டு வா, நிம்மதியாப் பேசலாம். வேணாம் வேணாம், கண்ணாடியும் எடுத்துட்டு வா. என் போன்ல எழுத்தெல்லாம் எறும்பாட்டம் ஆயிருச்சு. உள்ள பூந்து என்னான்னு பாத்துக் குடு.