வெளுத்ததெல்லாம் பால்

கல்நாரில், அதாவது ஆஸ்பெஸ்டாஸில், மூன்று சாதி முக்கியம். நீலம், பழுப்பு, வெள்ளை. நீலமும் பழுப்பும் கெட்ட சாதி, வெள்ளை மட்டும் பரம சாது என்று ஷீட் விற்கிறவர்கள் காலங்காலமாகச் சத்தியம் செய்கிறார்கள். எல்லாமே புற்றுநோய் தரும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது கிடக்கட்டும், அவர்கள் டாக்டர்கள்தானே, கூரை போடத் தெரியுமா அவர்களுக்கு? வெள்ளையாய் இருப்பதைச் சந்தேகிக்கும் பழக்கம் நமக்கு என்றைக்கு இருந்தது!

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே எரிந்து செத்தார்கள். சமையல்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்கு ஏறியது. அதன்பிறகு, கீற்றைப் பிரி என்று உத்தரவு பறந்தது. கீற்று இறங்கியது. இறங்கிய இடங்களில் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் ஏறியது. தீப்பிடிக்காது, மலிவு, ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஆய்வுக்கு வந்தவர் அண்ணாந்து பார்த்தார், கீற்று இல்லை, திருப்தி. பிறகு என்னதான் இருக்கிறது என்று கேட்க வேண்டுமென்று அவருக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. (அந்தக் கூரைக்கடியில் மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒருநாள் உட்கார்ந்து பார்த்திருந்தால் வேறு சில கேள்விகளாவது தோன்றியிருக்கும்.)

தீ அவசரக்காரன், அன்றைக்கே கணக்கைத் தீர்த்துவிடும். கல்நார் நாசூக்கு தெரிந்தது. மூச்சோடு உள்ளே போன இழை நுரையீரலில் குடித்தனம் வைத்து, இருபது வருடம், முப்பது வருடம், நாற்பது வருடம் கழித்துத்தான் வாடகை கேட்கும். அதற்குள் காண்டிராக்டர் பேரன் எடுத்திருப்பார், கையெழுத்துப் போட்டவர் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பார். இருமிக்கொண்டு வருகிறவனிடம் “நீ பீடி குடிப்பாயா?” என்று ஒரு கேள்வி போதும், விசாரணை முடிந்தது.

கனடாக்காரர்களுக்கு விஷயம் தெரியும். ஒட்டாவாவில் தங்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக் கல்நாரைப் பயபக்தியோடு அகற்றிக்கொண்டே, கியூபெக் சுரங்கத்துக் கல்நாரை மூட்டை மூட்டையாக நமக்கு அனுப்பினார்கள். சுரங்கம் இருந்த ஊருக்கே ஆஸ்பெஸ்டாஸ் என்றுதான் பேர். பேர் நாறிப்போய்விட்டதென்று 2020-இல் அந்த ஊர்க்காரர்களே அதை மாற்றிவிட்டார்கள்.

ரோட்டர்டாம் உடன்படிக்கை என்று ஒன்று உண்டு. அதன் பட்டியலில் ஒரு சரக்கு ஏறினால் தடையொன்றும் வந்துவிடாது. “ஐயா, இது ஆபத்தானது, சம்மதமா?” என்று வாங்குகிற நாட்டிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். 2011-இல் ஜெனீவாவில், வெள்ளைக் கல்நாரைச் சேர்க்கலாம் என்று இந்தியா தலையாட்டியது. கனடா குறுக்கே விழுந்து தடுத்தது. யாவாரி புத்தி, விடுங்கள். 2012-இல் கனடா மனம் மாறி, இனி தடுக்க மாட்டேன் என்றது. 2013-இல் மறுபடி கூட்டம். இந்தத் தடவை ரஷ்யா, கசகஸ்தான் தோளில் கைபோட்டுக்கொண்டு குறுக்கே விழுந்தது யார் தெரியுமா? நாம்தான்! விற்கிறவன் சரக்கை மறைப்பதை எல்லாச் சந்தையிலும் பார்த்திருக்கிறேன். “இது விஷமா இல்லையா என்று என்னிடம் சொல்லித் தொலைக்காதே” என்று வாங்குகிறவன் மல்லுக்கு நின்றது அந்தச் சந்தையில்தான்.

நம் மண்ணில் கல்நார் தோண்டப் புதுக் குத்தகை கொடுப்பதில்லை, ஆபத்தாம். இறக்குமதியில் மட்டும் உலகத்துக்கே முன்னோடி. கப்பலில் வரும்போது ஆபத்து உப்புத் தண்ணீரில் கரைந்துவிடும் போலிருக்கிறது.

உடையாத ஷீட் பெரிதாக ஒன்றும் செய்யாது என்பார்கள். உண்மைதான். அறுக்கக் கூடாது, துளைக்கக் கூடாது, உடைக்கக் கூடாது, விழுந்த தூளைக் காய்ந்தபடி பெருக்கக் கூடாது. வெளிநாட்டில் இதைக் கழற்ற வருகிறவன் நிலாவுக்குப் போகிறவன் மாதிரி உடுத்திக்கொண்டு, நனைத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி, பிணம் தூக்குவதுபோல் தூக்கிப்போகிறான். நம் ஊரில் ஜே போல்ட்டுக்கு ஓட்டை போட்டு, கட்டரில் அறுத்து, பறக்கிற வெள்ளைத் தூளுக்கு நடுவே நின்று டீ குடிக்கிறார் ஷீட் போடுகிறவர். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் அவர் ரொம்பப் படித்தவர். அப்புறம் அதன்மேல் குரங்கு குதிக்கும், தேங்காய் விழும், சிக்ஸர் அடித்த பந்து இறங்கும். மறுநாள் காலையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு துடைப்பம் எடுத்துச் சுத்தமாகப் பெருக்கிவிடுவார்கள். சுகாதாரம் பற்றிய பாடம் அதற்கு அடுத்த பீரியட்.

ஒருவழியாக எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குக் காங்கிரீட் கட்டடம் வந்தது. பழைய ஷீட்டை என்ன செய்தீர்கள் என்று விசாரித்தேன். வீணாக்குவார்களா? முறைப்படி ஏலம் விட்டு, ரசீது போட்டு, பணத்தைக் கணக்கில் கட்டிவிட்டார்கள். ஏலம் எடுத்தவர் அந்தப் பள்ளியில் ஐந்தாவது படிக்கும் பையனின் அப்பா. அடுப்படிக்கு எட்டு ஷீட், ஆட்டுக் கொட்டிலுக்கு நாலு. ஓரம் உடைந்த ஒன்றைச் சாக்கடைமேல் போட்டு மூடியிருக்கிறார். பையன் அதன்மேல் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான்.