லேபிளுக்கு ஒரு நியாயம்

திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு பனியன் கடை முதலாளி கொதித்துக்கொண்டிருந்தார். அவருடைய லேபிளை எவனோ அச்சு அசலாக அடித்து, மட்டச் சரக்கில் தைத்துவிட்டானாம். "உழைக்கிறவன் வயித்துல அடிக்கலாமுங்களா?"

பின்னால் ஸ்பீக்கரில் இளையராஜா. செருகியிருந்த பென்டிரைவில் ஆயிரம் பாட்டு. ஏற்றித் தந்த செல்போன் கடைக்கு ஐம்பது ரூபாய், ராஜாவுக்குப் பூஜ்யம். அனுமதியில்லாமல் தன் பாட்டை மேடையில் பாடியதற்காக 2017இல் ராஜா பாடகர் எஸ்.பி.பி.க்கே நோட்டீஸ் அனுப்பியபோது, "பாடறதுக்குமா காசு?" என்று பொங்கியவர் இவர். இசை கம்பெனிகளும் புண்ணியவான்கள் அல்ல. இசையமைப்பாளரின் ராயல்டி பங்கை மொத்தமாக எழுதி வாங்குவதற்குத் தடை வந்ததே பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில்தான்.

முதலாளியின் கவனத்துக்கு: 1999 வணிகச் சின்னச் சட்டத்தில் போலி லேபிளுக்கும், 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் திருட்டுப் பாட்டுக்கும் தண்டனை ஒன்றேதான். ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை.