மூணு ஊரை எழுதி வச்சான் ராசா, ஒனக்கு ஒரு பேப்பர் கெடைக்கலியா?

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில குந்து. பாகூர் வித்யாஸ்தானத்தப் பத்தி ப்ராஜெக்ட்டாமே? ஆராய்ச்சிக் கட்டுரை ஒண்ணுகூட ஆப்புடலன்னு ஒங்க ஆயாகிட்ட பொலம்பிக்கினு இருந்தியாம். பண்டசோழநல்லூர்ல பொறந்துட்டு பாகூரப் பத்தி ஒண்ணுமே இல்லன்னு சொல்றதுக்கும் ஒரு தெறம வேணும். ஒனக்கு அது நெறையவே இருக்குது.

நீ தேடின லட்சணத்த நான் சொல்லட்டுமா? கூகுள்ல போட்ட. மொதல்ல வந்தவன் டாலர்ல காசு கேட்டான். போனைக் கவுத்து வச்சிட்டு கிரிக்கெட் ஆடப் போயிட்ட. காலேஜ் லைப்ரரியில அட்டெண்டரா காலம் தள்ளினவன்டா நான். அங்க இருந்த புஸ்தகத்த நான் படிச்சேன்னு சொல்ல மாட்டன். ஆனா யாரு படிக்க வந்தான், யாரு ஃபேன் காத்துக்கு வந்தான்னு மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவன்.

கூகுள் ஸ்காலர்னு தனியா ஒண்ணு 2004லேர்ந்து இருக்குது. அதுல போய்த் தேடு. பாகூரை இங்கிலீஷ்ல ஒருத்தன் பஹூர்னு எழுதுவான், பிரெஞ்சுக்காரன் நடுவுல ஒரு ‘ஓ’வைச் சொருகுவான், செப்பேட்டுல வாகூர்னே இருக்கும். எல்லாத்தையும் போட்டுப் பாரு. வலது பக்கம் பிடிஎஃப்னு இருந்தா அமுக்கு. இல்லன்னா கீழ ‘ஆல் வெர்ஷன்ஸ்’னு இருக்கும், இங்க காசு கேக்குற அதே கட்டுரைய எழுதினவரே வேற எடத்துல சும்மா போட்டிருப்பாரு. பக்கத்துலயே ‘சைட்டட் பை’ இருக்குது, இந்தக் கட்டுரைய வச்சி பின்னால யாரு யாரு எழுதினாங்கன்னு அது காட்டும். வாத்தியாரு சொல்லலியா? சொல்லியிருப்பாரு. நீ ஃபேன் கட்சி.

ஒன் விசயத்துக்கே வரன். ஒம்பதாம் நூத்தாண்டுல, பல்லவ ராசா நிருபதுங்கவர்மன் பட்டத்துக்கு வந்த எட்டாவது வருசத்துல, பாகூர் வித்யாஸ்தானத்துக்கு, அதான் அந்தக் காலத்துக் கல்லூரிக்கு, மூணு ஊரை எழுதி வச்ச சேதி செப்பேட்டுல இருக்குது. ஹுல்ஷ்னு ஒரு ஜெர்மன்காரரு அத எழுத்துக்கூட்டிப் படிச்சி, ‘எபிகிராஃபியா இண்டிகா’ 18ஆம் தொகுதியில போட்டுட்டாரு. இன்டர்நெட் ஆர்க்கைவ்ல தம்பிடி செலவில்லாம கெடைக்கும். சமஸ்கிருதமும் தமிழும் கலந்த செப்பேட்ட ஜெர்மன்காரரு படிச்சாரு, ஒனக்கு டவுன்லோடு பண்ணக் கட்டவெரலு வலிக்குது.

அதோட வுட்டாங்களா? பாகூர் குப்புசாமின்னு நம்ம பக்கத்து மனுசன் ஊர் ஊராக் கல்வெட்டத் தேடிச் சேத்தாரு. விஜயவேணுகோபால் பதிப்பாசிரியரா இருந்து ‘புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுக்கள்’ ரெண்டு பாகம் 2006லயும் 2010லயும் வந்துது. போட்டது பாண்டி பிரெஞ்சு நிறுவனமும் தூரகிழக்கு நாடுகளின் பிரெஞ்சுப் பள்ளியும். செயிண்ட் லூயி தெருவுல போயி வாசல்ல செல்ஃபி எடுத்த இல்ல? அந்தக் கட்டடந்தான் பிரெஞ்சு நிறுவனம். உள்ள லைப்ரரி இருக்குது.

அடுத்து ஷோத்கங்கா. இந்தியாவுல பிஎச்டி வாங்கினவங்க ஆய்வேடு குவிஞ்சி கெடக்குது அதுல. ஒன் தலைப்புக்குக் கிட்ட இருக்கிற ஒண்ண எடுத்தா, முன்ன எழுதினவங்க பட்டியல ஒருத்தன் கஷ்டப்பட்டுத் தொகுத்து வச்சிருப்பான். பட்டியல எடுத்துக்க, பாராவ எடுக்காத. அத நடத்துற இன்ஃப்ளிப்நெட்டே காப்பியடிச்சாப் புடிக்கிற சாஃப்ட்வேரையும் யுனிவர்சிட்டிக்கெல்லாம் குடுக்குதுடா கண்ணு.

இப்ப காசு கேட்டவன் கதை. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ன்னு 2024 நவம்பர்ல மந்திரிசபை ஒத்துக்கிச்சு. 2025லேர்ந்து மூணு வருசத்துக்கு 6,000 கோடி. 30 பதிப்பகம், ஏறக்கொறய 13,000 இதழு, சந்தாவ அரசாங்கமே கட்டிடும். அரசாங்கக் காலேஜ்ல படிக்கிற நீ லைப்ரரியன்கிட்ட போயி, “மேடம், எனக்கு லாகின் வேணும்”னு வாயத் தொறக்கணும். அதுக்கு மட்டும் வெக்கம். தனியார் காலேஜ்ல படிக்கிற ஒங்க அத்த மவளுக்கு அந்தக் கதவு இல்ல, தொடங்கினப்ப அரசாங்கத்துது மட்டுந்தான் சேத்தாங்க. மூணு ஊர் வரிய வச்சி நடந்த அந்தக் காலத்துக் கல்லூரியில கீழ்சாதிக்காரன உள்ள வுட்டிருப்பானான்னு நீ கேக்கலாம். கேளு, ப்ராஜெக்ட்லயே கேளு. இப்ப 6,000 கோடி வரி கட்டுறதுல தனியார் காலேஜ்ல புள்ளயச் சேத்தவனும் இருக்கான்னும் சேத்து எழுது.

அத்த மவ என்னா பண்ணுவா? கட்டுரை எழுதினவருக்கே மெயில் போடுவா. பேரு, படிப்பு, எந்தக் கட்டுரை, எதுக்கு வேணும், நாலே வரி. கட்டுரை வித்த காசு பெரும்பாலும் எழுதினவருக்குப் போறதில்ல, அதனால ஒருத்தி படிக்கக் கேட்டாளேன்னு சந்தோசமா அனுப்புறவங்க நெறையப் பேரு. “ஹாய் சார் சென்ட் பிடிஎஃப்”னு போடுறது நீதான்.

போனுக்குள்ள ஒரு ஏஐ வச்சிருக்கியே, அதுகிட்ட கட்டுரைப் பட்டியல் கேக்காத. ஆசிரியர் பேரு, வருசம், பக்க எண் எல்லாம் கச்சிதமாச் சொல்லும், பல நேரம் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. சொன்ன தொகுதியத் தொறந்து அந்தப் பக்கத்தப் பாக்காம எதையும் எழுதிடாத.

கெடைச்சிடுச்சி, எப்படிப் படிக்கிறது? கேசவ்னு ஒரு கம்ப்யூட்டர் பேராசிரியரு 2007ல வழி சொன்னாரு, மூணு தடவ படின்னு. மொத தடவ அஞ்சு பத்து நிமிசம்: தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை. தேறுமா தேறாதா, அவ்ளோதான். தேறினா ரெண்டாந்தடவ படமும் கிராஃபும் பாத்து நிதானமா. மூணாவது அக்குவேறா ஆணிவேறா. நீ மொத வரியிலேர்ந்து மஞ்ச மார்க்கரால தடவ ஆரம்பிச்சி ரெண்டாம் பக்கத்துல தூங்குற.

மடுகரைப் பக்கம் மனை வாங்கறவன் பத்திரம் பாக்கற மாதிரி பாருடா. ப்ரோக்கரு பேச்சுதான் சுருக்கம். நாலு எல்ல சரியா இருக்கான்னு பாக்கணும்னா எப்படி ஆராய்ஞ்சான்னு எழுதியிருக்கிற பகுதிக்குப் போ. மூலப்பத்திரம் அடிக்குறிப்புல கெடக்கும். இந்தக் கட்டுரைய இதழே பின்னால திரும்ப வாங்கிடுச்சான்னு பாத்தியா, அது வில்லங்கம் போட்டுப் பாக்கறது.

காசு குடுத்தா யாரு எழுதினதையும் அச்சடிக்கிற இதழும் இருக்குது. எது நல்லதுன்னு யுஜிசி ‘கேர்’ பட்டியல் வச்சிருந்துது, 2025 பிப்ரவரியில அதையும் எடுத்துட்டாங்க. இனிமே ஒன் புத்திதான் பட்டியல். நெனச்சா எனக்கே கவலயா இருக்குது.

சரி, கல்வெட்டுப் புஸ்தகத்துல ஆரம்பி. சோழன் பேர வச்சிக்கினு இருக்கிற நம்ம ஊரு அதுல எங்க வருதுன்னு பாத்துக்கினு வா. இல்லன்னு வந்து சொல்றதா இருந்தா, எந்தப் பக்கம் வரைக்கும் தேடுனன்னும் சேத்துச் சொல்லணும்.